முதுகுகள்

முகங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
பத்தொன்பது வருடம்
நான் பார்த்ததெல்லாம் முதுகு.

பாடகன் யர்க்காவின் தோல் கோட்டில்
இடது தோளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது.
முன்வரிசையில் நின்று அழுத பெண்களுக்கு
அது தெரியாது.
ஊர் ஊராக, பாட்டுக்குப் பாட்டு,
ஒரு நூல் ஒரு நூலாகப் பிரிந்ததை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கிதார்க்காரன் கிம்மோவுக்கு
உச்சிக்குப் போகும் முன்
வலது தோள் காதுவரை ஏறும்.
ஏறினால் சிம்பலை அடிப்பேன்.
பத்திரிகையில் இதை
மனமும் மனமும் பேசிக்கொள்வதாக எழுதினார்கள்.

எங்கள் குழுவின் பெயருக்கு
இரும்புச் சறுக்குவண்டி என்று பொருள்.
முழுக்க இரும்பில் செய்தால்
பனியில் புதைந்துவிடுமே என்று
தம்பெரேவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மூடிப்போன நூற்பாலையின் கொதிகலன் அறையில்
ஒத்திகை.
பேஸ் டிரம்முக்குள் திணிக்க
கிம்மோ ராணுவத்தில் திருப்பித் தராத கம்பளி.
வேனில் ஹீட்டர் கிடையாது.
ஓவுலுவில் மைனஸ் இருபத்தேழு.
டிரம்மின் தோல் விறைத்து
முதல் மூன்று பாட்டும்
தகர டப்பாவாகக் கேட்டன.
அதைத்தான் புதிய ஒலி என்றார்கள்.
அடுத்த வருடம்
அதே தகரம் வேண்டுமென்று
ஸ்டூடியோவில் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள்.

பாட்டு எழுதியவனுக்கு ராயல்டி.
மெட்டுப் போட்டவனுக்கு ராயல்டி.
தாளத்துக்கு?
வக்கீல் சிரித்தார்:
நடப்பதற்கு யாராவது உரிமை கேட்பார்களா?

மேனேஜர் சொன்னதற்கெல்லாம்
மற்ற மூவரும் தாளம் போட்டார்கள்.
தொழிலே அதுவான நான்
போடவில்லை.
சுவரொட்டியில் என் முகம்
மடிப்பு விழும் இடத்தில் இருந்தது.

வெய்யோ விலகப்போவதை
அவன் மனைவிக்கு முன்பே அறிந்தேன்.
குவோப்பியோவில், மூன்றாம் பாட்டில்,
பேஸ் கிதாரின் வாரை
ஒரு துளை மேலே ஏற்றியிருந்தான்,
மூட்டையைத் தூக்கிக் கிளம்புகிறவன் மாதிரி.
அன்றிரவு யாரிடமும் சொல்லவில்லை.
கொஞ்சம் வேகமாக வாசித்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொருவராக.
கடைசியில் நானும்
அந்தக் கம்பளியும்.

பிறகு கப்பல்.
மாலை ஹெல்சிங்கியில் கிளம்பி
ஸ்டாக்ஹோம் போய்
மறுநாள் திரும்பும் கப்பல்.
ஆறாம் தளத்தில் டாங்கோ.
மேடை சின்னது. என்னை ஓரமாக உட்காரவைத்தார்கள்.
முதன்முதலாக
முகங்கள் தெரிந்தன.
ஓய்வூதியக்காரர்கள்
கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள்.
கடல் சாயும்போது எல்லோரும் சாய்ந்தார்கள்.
சாயும் பக்கம் அரை இழை
தாமதமாக அடிக்கப் பழகினேன்.
இதற்கும் ராயல்டி இல்லை.

ஹை-ஹாட் பக்கத்துக் காது,
இடது,
அதற்குள் போய்விட்டிருந்தது.
உள்ளே ஒரு கெட்டில்
இறக்க ஆளில்லாமல் கொதிக்கிறது.

ஒரு நவம்பரில்
ஆலந்துத் தீவுகளைத் தாண்டும்போது
ஒருவர் மேடையருகே வந்தார்.
வழுக்கை, கனத்த கன்னம், சாம்பல் ஸ்வெட்டர்.
குனிந்து என் இடது காதில் எதோ சொன்னார்.
நீளமாகவே சொன்னார்.
வாடிக்கையாளருக்குச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்து
தலையாட்டினேன்.
அடுத்தது அதுதான் வாசிப்போம் என்பதுபோல.

அவர் தோளைத் தட்டிவிட்டுத்
திரும்பி நடந்தார்.

அந்த முதுகு.

கோட்டு இல்லை, தையல் இல்லை.
ஆனாலும் இடது தோள்
வலதைவிடச் சற்றே பின்னால் வந்தது,
எப்போதும்போல.

எழுந்திருக்கலாம்.
பாட்டின் நடுவில்
டிரம்மர் எழுந்தால்
இருபது ஜோடிக் கால்கள் தடுமாறும்.
கடல் வேறு சாய்ந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்தபோது
மதுக்கூடத்தில் நிறைய முதுகுகள்.
எதுவும் அது இல்லை.

என்ன சொன்னான்?
மன்னிப்பா, கணக்கா,
இல்லை, என்னை அடையாளமே தெரியாமல்
மனைவிக்குப் பிடித்த டாங்கோ ஒன்றின் பெயரா?

கெட்டிலைக் கேட்கிறேன்.
அது கொதிக்கிறது.