பதினொரு நொடி

எங்கள் பாட்டு ஏழு நிமிடம் நாற்பது நொடி.
பதினைந்து நொடிக்கு நறுக்கித் தா என்கிறது தளம்.
எந்தப் பதினைந்து?
வில்னிஸ், தொடக்கம் என்றான். அது அவனுடைய கிதார்.
சனிதா, குரல் நுழையும் இடம் என்றாள். அது அவளுடைய குரல்.
பாஸ் வாசிப்பவனிடம் யாரும் கேட்பதில்லை.
கடவுச்சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது.

லியெபாயா, டிராமின் கடைசி நிறுத்தம்.
திருப்பி ஓட்டுவதற்கு முன்
எனக்கு ஆறு நிமிட ஓய்வு.
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒரு படம், இரண்டு வரி, நாலு ஹேஷ்டேக்.
வெளியே பால்டிக் காற்று
காலிப் பெட்டியைப் பிடித்து ஆட்டுகிறது.
ஊதுகிற சங்கை ஊதிவைப்போம்,
விடிகிறபோது விடியட்டும்.

டிசம்பரில் இங்கே விடியவே ஒன்பதாகிறது.
ஒன்பது மணிக்கு மூன்று இதயங்கள்:
சனிதா,
வில்னிஸ்,
தாலினில் மெத்தை விற்கும் ஒரு கம்பெனி.

டிரம்ஸ் ராய்திஸுக்கு இந்த உலகம் தெரியும்.
ஒருமுறை அவன் சிம்பல் மேல் பூனை விழுந்ததை
இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.
அவன் சொன்னான்:
ஆறாம் நிமிடத்தில் எல்லாம் நின்றுபோகிறதே,
பதினொரு நொடி,
அதை முதலில் வெட்டு.
சத்தம் நின்றால் கட்டைவிரல் நகர்ந்துவிடும்.

நான் தலையாட்டினேன். வெட்டவில்லை.
அந்தப் பாட்டில்
நான் எழுதிய ஒரே இடம் அது.

ஜனவரியில் கணக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி முளைத்தது.
கிளாக்ஸ்விக்: ஒன்று.
மறுநாளும் ஒன்று. ஞாயிறு மட்டும் இல்லை.
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம்.
வட கடலுக்கும் அப்பால் ஃபாரோ தீவுகள்,
யாரோ ஈரக் கையை உதறியதுபோல்.
ஏதோ இயந்திரம் என்றான் வில்னிஸ்.
காதலில் அடிபட்டவள் என்றாள் சனிதா.
இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்குமா என்றான் ராய்திஸ்.
நான்கு பேரும் அந்த ஒருவருக்காகவே
கொஞ்சம் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினோம்,
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்.

மார்ச்சில் செய்தி வந்தது.
என் பெயர் ரன்வா. மீன் ஆலையில் வேலை.
விடிகாலை ஷிப்ட். முப்பத்திரண்டு பேர்.
என் போனிலிருந்துதான் பாட்டு.
ஸ்பீக்கரை பிளாஸ்டிக் பையில் கட்டிக்
கொக்கியில் மாட்டியிருக்கிறோம், படம் பாருங்கள்.
உங்கள் பாட்டு ஓரிடத்தில் நிற்கிறதே,
அங்கே எங்கள் கத்திகளும் நின்றுவிடுகின்றன.
யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.
குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடுகிறது.
மேலாளர் கேட்கிறார்.
அந்த இடம் இல்லாமல் ஒரு பிரதி கிடைக்குமா?

படத்தில் முகம் ஒன்றும் தெரியவில்லை.
நீல உறைகள், செதில்கள்,
தூக்கில் தொங்கும் எங்கள் பாட்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
நாங்கள் கடலில் போட்டோம்.
அளந்தவன் ஒன்று என்று எழுதிவைத்திருந்தான்.

ராய்திஸ் சிரித்துச் சிரித்துக் குச்சியைத் தவறவிட்டான்.
பிறகு அவனே சொன்னான், வெட்டாதே.
சனிதா சொன்னாள், அவர்களுக்கு வேலை போய்விடும், வெட்டு.
இந்த முறை கடைசியாக என்னைப் பார்த்தார்கள்.
அன்றிரவு வெட்டினேன்.
ஒட்டிய இடம் தெரியாமல்
நன்றாகவே வந்திருந்தது, அதுதான் கஷ்டம்.
அவளுக்குத் தனியாக அனுப்பினேன்.

திங்கள்: கிளாக்ஸ்விக், சுழியம்.
செவ்வாய்: சுழியம்.
கேட்கிறார்கள், ஆனால் இங்கே கேட்கவில்லை
என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.
புதன், கடைசி நிறுத்தம்,
கையுறை பல்லில்:
ஒன்று.

ஓய்வு முடிந்து விளக்கு மாறியது.
நான் கைப்பிடியைத் தொடவில்லை.
மீன்பிடி வலைப்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்
மணியை அடித்தார்,
இன்னொரு முறை அடித்தார்.