நிரல் மூன்று

வெள்ளவத்தையில் சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் கடற்கரை ரயில்,
மூடினால் வெக்கை.
அறிக்கைகளைத் தமிழாக்கிப் பக்கம் கட்டிக் கொடுக்கிறேன்,
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
அட்டவணைக்கு அரைக் கூலி.
எண்களுக்கு மொழி இல்லை என்பது முதலாளியின் கட்சி.

இன்றைக்கு உலகத்துப் பெண்கள்.
நாடுகள் நிரை நிரையாக நிற்கின்றன,
உயர்ந்தது மேலே, தாழ்ந்தது கீழே,
பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில்
உயரம் பார்த்து நிறுத்திய மாதிரி.
மூன்றாம் நிரலின் தலைப்பு மட்டும்
பெட்டிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது:
இருபத்தைந்து வயதும் அதற்கு மேலும்,
இடைநிலைக் கல்வியை

அந்த இடத்தில் நிற்கிறேன்
காலை ஒன்பதிலிருந்து.
ஓரளவேனும் என்று போடலாமா?
சிறிதளவாவது?
ஓரளவு என்றால் எவ்வளவு?
ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு தவணை குந்தியவளும்
உயர்தரம் மூன்று பாடமும் சித்தியடைந்தவளும்
இந்தச் சொல்லுக்குள் ஒரே பாயில் படுக்கிறார்கள்.

அக்கா நோர்வே நிரையில் இருக்கிறாள்.
அவள் படித்தபோது வகுப்புக்கு ஓடு கிடையாது,
மேலே தறப்பாள்.
பொம்பர் சத்தம் கேட்டால்
இரசாயனவியல் கொப்பியோடு பங்கருக்குள்.
அந்தப் படிப்பு இப்போது பனிக்குள் இருந்துகொண்டு
இன்னொரு நாட்டின் எண்ணை
மயிரிழை அளவு உயர்த்துகிறது.
எங்கள் நிரையில் அதைக் கழித்தார்களா?
அடிக்குறிப்பில் தேடினேன்.
அடிக்குறிப்பில் நாணய மாற்று வீதம் மட்டும் இருந்தது.

மூன்றரைக்கு மஸாஹிரா பிளேன்ரீ கொண்டுவந்தாள்.
கொம்பனித்தெரு. இந்தக் கட்டடத்தில்
நான்கு அலுவலகம் கூட்டித் துடைக்கிறாள்.
எத்தனையாம் வகுப்பு மட்டும் படித்தீர்கள் என்று கேட்டேன்.
"எட்டுப் பாஸ். ஒம்பதுல ரெண்டு மாசம்.
ஏன் மிஸ், வேலை ஏதும் ஈக்கா?"

வேலை இல்லை,
ஆனால் நீங்களும் இந்த எண்ணுக்குள் வருகிறீர்கள் என்றேன்.
வயது, படிப்பு, இரண்டும் சரி.
குனிந்து பார்த்தாள்,
வாக்காளர் இடாப்பில் பேர் பார்க்கிற மாதிரி.

"குவைத் எங்க ஈக்கி?"
காட்டினேன்.
ஈரவிரலைத் திரையில் வைத்தே
எண்ணை அரபியில் வாசித்தாள்,
தசமத்துக்கு ஒரு மூச்சு விட்டு.
"அப்ப நூராவும் இதுக்குள்ள ஈப்பா.
ஒண்டாம் வகுப்பில இருந்து ஏழு வருஷம்
அவட புத்தக பேக்க கேட் மட்டும் தூக்கினது நான்தான்.
அவ வீட்டுவேல செய்யக்குள்ள
பக்கத்தில இருந்து உடுப்பு மடிப்பன்.
இலக்கம் எல்லாம் அங்க பிடிச்சதுதான்.
கேட்டுக்கு உள்ள மட்டும் போனதில்ல."

அந்த ஏழு வருஷம்
இங்கே அவள் மகளின் பையை யார் தூக்கினார்கள்
என்று நான் கேட்கவில்லை.
மகள் இருக்கிறாள் என்பது தெரியும்.
கோப்பையை எடுத்துக்கொண்டு
மூன்றாம் மாடிக்குப் போனாள்.
மருதானைப் பக்கம் போகிற ரயில் ஒன்று
மேசையை ஆட்டிவிட்டுப் போனது.

ஐந்தே முக்காலுக்கு முதலாளி எட்டிப் பார்த்தார்.
"தலைப்பு நீட்டு. படித்த பெண்கள் எண்டு போடுமன்,
ஆர் பார்க்கப் போகினம்?"
சரி என்றேன்.
அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்து
எழுத்தை ஆறாம் அளவுக்குச் சுருக்கி
ஐந்து வரியில் முழுவதையும் இட்டேன்,
ஓரளவேனும் உட்பட.
கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது.
ஆனால் இருக்கிறது.

கணினியை அணைத்த பிறகுதான் தெரிந்தது,
கறுத்த திரையில்
குவைத் இருந்த உயரத்தில்
ஒரு விரலடையாளம்.
துடைக்கிற துணி அவளிடம்தான் இருக்கிறது.

நாளைக்கு ஆண்கள்.
அதே தலைப்பு, ஒரு சொல் மாற்றம்,
அரைக் கூலி.