எடை மேடை

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே
கல் எறிந்தால் ஆந்திராவில் விழும்.
அங்கே மூடிப்போன லாரி எடை மேடை ஒன்று.
அதன் தகரக் கொட்டகைதான் எங்கள் களம்.
கயிறு கிடையாது, சுண்ணாம்புக் கோடு.
கோட்டைத் தாண்டினால் நாய் படுத்திருக்கும்.

நாற்பது டன் வரை சொன்ன இயந்திரம்
இன்னும் உயிரோடிருக்கிறது.
நான் ஏறினால் ஐம்பது,
சில நாள் அறுபது.
பத்துப் பத்தாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
எனக்கோ இருநூறு கிராம்
ஒரு வருஷம்.

பெஞ்சலா தடாவிலிருந்து சைக்கிளில் வருவாள்.
இடதுகைக்காரி.
வலது காலை முன்னே வைத்து நின்றாளென்றால்
கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ
அடிக்க வருவது போலிருக்கும்.
அவள் முன்கால் என் முன்காலை மிதிக்கும்,
என் ஜாப் அவள் கையுறையில் முட்டி நிற்கும்,
அப்புறம் எங்கிருந்தோ அந்த இடது.
"சூடு அக்கா, சூடு" என்பாள்.
தெலுங்கில் அது 'பார்'.
எனக்கு முதல் ஆறு மாதம்
தமிழில்தான் விழுந்தது.

நான் பின்வாங்கி அடிப்பவள்.
எதிராளி தப்பு செய்யட்டும் என்று இருப்பேன்.
ரேஷன் வரிசை, கம்பெனி பஸ்
எல்லாம் பழக்கிவிட்ட காத்திருப்பு.
ஞாயிறு மட்டும் சூளூர்பேட்டை வண்டியில் வரும்
மஸ்தான் சார் சொல்வார்:
"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள
அவங்க மார்க் போட்டுட்டு
டீ குடிக்கப் போயிட்டாங்க."

ஸ்ரீசிட்டியில் இரவு ஷிப்ட்.
ஒரு போனுக்கு நாலு திருகாணி, பதினோரு நொடி.
கண் வீங்கிய நாளில் சூப்பர்வைசர்
தனியே கூப்பிட்டு
"வீட்டுல பிரச்சனையாம்மா?" என்றார்.
இல்லை சார், பெஞ்சலா என்றேன்.
மறுநாள் ஆபீஸிலிருந்து ஒருத்தி வந்து
துண்டுச்சீட்டில் உதவி எண் கொடுத்தாள்.
கைக்கட்டுத் துணிக்குள்
சுருட்டி வைத்திருக்கிறேன் அதை.

எடை பார்ப்பதற்கு முந்தின ராத்திரி
உரச்சாக்கைக் கிழித்து மாட்டிக்கொண்டு
நிற்கும் லாரிகளின் ஓரமாய் ஓடினேன்.
எச்சிலையும் சேர்த்து வைக்காமல் துப்பியபடி.
டிரைவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
அன்றைக்கு உலகத்தில் எனக்கு
அவரைவிடப் பெரிய எதிரி இல்லை.

எங்கள் மாநிலத்தில் என் எடையில் இருபத்திரண்டு பேர்.
இடம் ஒன்று.
அரையிறுதியில் மூன்றுக்கு இரண்டு,
இரண்டு எனக்கு.
மூன்றாவது நாற்காலிக்காரரின் முகம் நினைவில்லை.
மேஜைமேல் அவர் பாட்டிலின் நீல மூடி,
அது தெரிகிறது இன்னும்.

அவள் பக்கத்தில் மூன்றே பேர்.
ஒரு சண்டை ஜெயித்து தேசியத்துக்குப் போனாள்,
கழிவறைப் பக்கத்து இருக்கையில் இரண்டு நாள் ரயில்.
எதிரே ரயில்வே அணிக்காரி.
ஒன்றரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்தவள் அடியைப் பற்றிப் பேசவில்லை.
"காலைல ட்ரெய்னிங், சாயங்காலம் ட்ரெய்னிங்,
நடுவுல தூங்கறாங்க அக்கா.
சம்பளம் வாங்கிட்டுத் தூங்கறாங்க."
தூக்கம் என்ற சொல்லை
பிரியாணி என்பதுபோலச் சொன்னாள்.

விலாச மாற்றப் படிவத்தையும்
அவளேதான் கொண்டுவந்தாள்.
"எங்க வீட்டு நம்பர் போடு.
இங்க நாலு பேர்தான் ஆவோம்."
அந்த நாலில் ஒருத்தி நீ என்றேன்.
"அதான்" என்றாள்,
பல்காப்பை வாய்க்குள் தள்ளிக்கொண்டே.

பூர்த்தி செய்யாத தாள்
சைக்கிள் கேரியரில் படபடக்கிறது.
எடை மேடைமேல் நாங்கள் சுற்றச் சுற்ற
சிவப்பு எண்கள்
நூறு, நூற்றுப்பத்து, நூறு.
இன்று அவள் தோள் அசையும் முன்பே
அவள் குதிகால் திரும்புவதைப் பார்த்துவிட்டேன்.
பார்த்தேன், ஆனாலும் பட்டது.
நாய் எழுந்து
கோட்டுக்கு அந்தப் பக்கம்
இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுத்தது.