அறுபது கிராம்

கப்பலூர் சிட்கோவில் கடைசித் தெரு.
டயர் ஆலைக்குப் பின்சுவர், எங்களுக்கு முன்சுவர்.
அவர்கள் புகைபோக்கியின் கழுத்தில்
இரண்டு வருஷமாக ஒரு குழாய்.
வானத்துக்குப் போக வேண்டியதில் கொஞ்சம்
வழி மாறி
எங்கள் அறைக்குள் வருகிறது.

அறை என்றால் இரும்புப் பெட்டி.
கதவைச் சாத்தி நான்கு போல்ட் முறுக்கியதும்
உள்ளே அடுக்கிய நடைபாதைக் கற்கள்
ராத்திரி முழுக்க அதைக் குடிக்கின்றன.
சத்தமே இருக்காது.
அழுத்தமானியின் முள் மட்டும்
பந்தியில் பாயச வாளி இறங்குவதுபோல
மெல்ல மெல்ல இறங்கும்.

என் வேலை எடை போடுவது.
பச்சைக் கல்: மூன்று கிலோ நானூறு.
காலையில் அதே கல், வற்றிய ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்
மூன்று கிலோ நானூற்று அறுபது.
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில்
இந்த அறுபது கிராமுக்குத் தராசைத் தொடமாட்டார்கள்,
கொசுறு என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

“காத்துக்கு எடை உண்டாடி?” என்றாள்
கல் அடுக்கும் பவுன்தாய்.
தராசைக் காட்டினேன்.
“அப்ப இம்புட்டு நாளும்
எடையில்லாததுன்னு நெனச்சுத்தானே
மேல விட்டுக்கிட்டிருந்தாய்ங்க.”

சேர்ந்த மண் மேடாகி, வாய்க்கால் பாதி தூர்ந்த வாய்மடை போல
குழாயில் ஓர் இரண்டாம் கிளை உண்டு.
அதில் சிலிண்டர் நிரப்புகிறோம்.
வெள்ளிக்கிழமை முனிச்சாலை சோடாக் கம்பெனி டெம்போ.
மற்ற நாளில் அவனியாபுரத்து ஏற்றுமதிக்காரர்,
உலர்பனிக்கு.
துபாயில் பெட்டியைப் பிரிக்கும்போது
மல்லிகை இருக்கும், பனி இருக்காது.

எங்கள் பொறியாளர் நஸ்ரின் மேலூர்க்காரி.
பதிவேட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறாள்:
கட்டியது. கடன் கொடுத்தது.
கல்லுக்குள் போனது முதல் பத்தியில்.
சோடாவும் பனியும் இரண்டாவதில்.
முதலாளி இரண்டையும் கூட்டித்தான்
வாசலில் போர்டு வைத்திருக்கிறார்.
அவள் அந்தப் போர்டைப் பார்க்காமல் உள்ளே வருவாள்.

செவலையைச் சொல்ல வேண்டும்.
கதவின் ரப்பர் கிழிந்திருந்த ஐப்பசியில்
குளிருக்கு இதமாக
அறைக்குப் பக்கத்துக் குழியில் படுத்தது.
இந்த வாயு தண்ணீர் மாதிரி, பள்ளம் பார்த்துத் தங்கும்.
காலையில் தூங்குவதைப் போலவே கிடந்தது.
கிணறு தூர்வாருகிறவர்கள்
முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள்.
இப்போது எங்கள் விளக்கு
முழங்கால் உயரத்தில், பச்சையாக.
அது சிவந்தால் உட்காராதே, ஓடு.

கரண்ட் போன ஒரு ராத்திரி
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மனுஷ மூச்சு நாளைக்கு ஒரு கிலோ.
அப்படியானால் நான் ஒருத்தி விட்டதை வாங்க
தினம் பதினாறு கல்.
குற்றவாளி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.
நஸ்ரின் சிரித்தாள்.
“உன் மூச்சு சோத்துல இருந்து வந்தது.
சோறு காத்துல இருந்து எடுத்தது. வரவுக்குச் செலவு சரி.
அந்தப் புகைபோக்கி அப்படியா?
நிலக்கரி, மண்ணுக்குள்ள கிடந்த முதல். அதைத் தோண்டித் தின்னுது.”
விட்டேன் மூச்சை.

லாரி?
ஒரு லிட்டர் டீசலுக்கு நாற்பத்தைந்து கல்.
மாட்டுத்தாவணி போய்த் திரும்ப, பத்து லிட்டர்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கல் ஏற்றினால்
நானூற்றைம்பது லாரிக்கே வாய்க்கரிசி.
சிமெண்ட்டின் கணக்கை நான் இன்னும் தொடவில்லை.
நஸ்ரின் தொட்டிருக்கிறாள். கேட்டால்
“இன்னும் குறைக்கணும்” என்று மட்டும் சொல்கிறாள்.

போன வாரம் பஸ் நிலையத்தில் எங்கள் கற்கள்.
சாம்பல் நிறம், மீன்செதில் அடுக்கு.
மேலே உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்ற ஒருவர்
வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்,
கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அறுபது கிராமும் உள்ளேதான்.
பிறகு பன்னீர் சோடா வாங்கி
அண்ணாந்து குடித்து
நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அதுவும் எங்கள் குழாய்தான்.