ஜூலை, மைனஸ் ஒன்பது

சாவியைத் திருப்பினால்
ஒரு முனகல்.
பாதிச் சுற்று. நின்றுவிடுகிறது.
எழுபத்தொன்றாம் வருடத்து பெஜோ நானூற்று நாலு.
பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து தூங்குகிறவன் மாதிரி
ஒருக்களித்தே படுத்திருக்கும் அதன் எஞ்சின்.
எஸ்கெலில் ஜூலை என்றால் பனி.
மலையிலிருந்து இறங்கிய காற்று
கராஜ் தகரத்தைக் கடன்காரன்போல் தட்டுகிறது.

பாட்டரி, என்றார் எதிர்வீட்டு எலேயுதேரியோ,
மாத்தேயை உறிஞ்சியபடி, பானெட்டுக்குள் பார்க்காமலே.
புதுசு, என்றேன். ரசீது இருக்கிறது.
அப்படியென்றால் ஸ்டார்ட்டர்.
கழற்றிக் கொண்டுபோய்
சமையலறை மேஜைமேல் வைத்து
இரண்டு ஒயர் கொடுத்தேன்.
துள்ளிக் குதித்து, சர்க்கரை டப்பாவைத் தள்ளிவிட்டு
விர்ரென்று சுழன்றது.

ஆயில் இறுகியிருக்கும், என்றாள் பேக்கரி ஸுல்மா.
மாற்றினேன்.
எஞ்சினே பிடித்துக்கொண்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடு,
என்றான் மார்சியால் போனில், ட்ரெலேவிலிருந்து.
காரின் சத்தத்தைக் கேட்காமலே
காருக்குத் தீர்ப்பு சொல்ல அவனால் முடியும்.
பதினாறு வருடம் எனக்கும் அப்படித்தான் சொன்னான்.

நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு
பம்பர் துளையில் கைப்பிடியை நுழைத்து
நானே சுற்றினேன்.
ஒரு கைக்கு அடங்கிச் சுற்றியது,
குழிக்கொரு பெருமூச்சு விட்டபடி.

ஆக, எஞ்சின் நல்லது. பாட்டரி நல்லது.
ஸ்டார்ட்டர் தங்கம்.
எல்லோரும் நல்லவர்கள்,
வீட்டில்தான் விளக்கு எரியவில்லை.

நாலாம் நாள் ராத்திரி
எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, மறுபடி சாவி.
இடது கை, பழக்கத்தில், சோக் குமிழில்.
முனகல். மறுபடி. முனகல்.
ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ
கையுறை இல்லாத விரலில்
குமிழ் சுட்டது.

மைனஸ் ஒன்பதில்
அந்த கராஜில் எதற்கும் சூடாக இருக்கக் காரணமில்லை.
ஸ்டியரிங் ஐஸ். சீட் ஐஸ். என் மூக்கு ஐஸ்.
ஒரே ஒரு கம்பி மட்டும்
இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல.

எலேயுதேரியோவை எழுப்பிக் கூட்டிவந்தேன்.
மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் மைனஸில்,
மற்றது எஞ்சின் உடம்பில்.
திருப்புங்கள், என்றேன்.
அநேகமாக ஒன்றுமே காட்டக்கூடாது அங்கே.
நான்கு வோல்ட்.

போன கரண்ட் திரும்பிவர ஒரு பட்டை உண்டு:
பின்னிய செம்பு, இரண்டு விரல் அகலம்,
எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு.
அந்த எர்த் அடைபட்டதும்
பாவம், அத்தனை கரண்டும்
இந்த நூல் தண்டி சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கொல்லைப்புறமாக வீடு திரும்பியிருக்கிறது.

போல்ட்டைக் கழற்றினேன்.
துரு இல்லை. பட்டை அறுபடவில்லை.
அதன் அடியில், பளபளவென்று, பச்சை.

நான் அடித்த பெயிண்ட்.
மார்ச்சில், விவாகரத்துத் தாள் வந்த வாரம்
எஞ்சினை இறக்கி, டீசலில் கழுவி,
பல் தேய்க்கும் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்து
மூன்று ஞாயிறு, மூன்று கோட்,
ஒரு மூலை விடவில்லை.
பட்டை உட்காரும் இடத்தைக்கூட.
ஸுல்மா போட்டோ எடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறாள்.
வெயில் இருந்தவரை
போல்ட்டின் மரை வழியே எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது;
குளிரில் அதற்கும் முடியவில்லை.

கத்தியை எடுத்தேன்.
ஒரு பெசோ நாணய அகலம் சுரண்டினால் போதும்.
ஐயோ, அழகைக் கெடுக்கிறாயே நெலிதா, என்றார்.
ரசத்தாளால் இன்னும் கொஞ்சம் கெடுத்தேன்
சாம்பல் நிறத்தில் இரும்பு வரும்வரை.

இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது.
தகரம் அதிர்ந்தது. தெருநாய் குரைத்தது.
நான்தான் முதலிலேயே சொன்னேனே, பாட்டரிப் பக்கம் பார் என்று,
கத்தினார் எலேயுதேரியோ அந்தச் சத்தத்தில்.
ஆமாம் ஆமாம், என்றேன்.
சோக்கை மெல்ல உள்ளே தள்ளினேன்.
குமிழ் ஐஸாக இருந்தது.