அரைப்பேர்

வின்னிபெக் என்றொரு ஊரில்
பிப்ரவரி முதல் ஞாயிறு, இரவு ஏழுக்கு மணி அடிப்பார்கள்.
சேரம்பாடியில் அப்போது திங்கள், காலை ஆறரை.
ஏழரைக்குப் பெரட்டு.
நடுவில் கிடக்கிற அந்த ஒரு மணிநேரம்தான்
எங்களுக்குத் தெரிந்த மல்யுத்தம்.

பனிமகுடம் என்று அதற்குப் பேர்.
தொண்ணூற்றெட்டில் ஆரம்பம்.
பி.எப். பணத்தில் ஜெபராணி டிவி வாங்கிய வருஷமும் அதுதான்.
அஞ்சாம் நம்பர் லயம்,
ஒரு அறைக்குள் பத்தொன்பது பேர்,
இடுப்பில் படங்கு கட்டி, காலில் பூட்ஸ் மாட்டி,
ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்திருப்போம்.

மகுடம் யார் தலைக்குப் போனதென்று
ஒரு வருஷமும் பார்த்ததில்லை.
அது பத்து மணி வாக்கில் நடக்கும்.
பத்து மணிக்கு நாங்கள் மூன்றாம் மலையில் இருப்போம்,
முதல் கூடை நிறைந்திருக்கும்.

ஆகவே எங்கள் சரித்திரத்தில் முதல் சண்டை மட்டும் உண்டு.
ஜெபராணி மகன் அதைக் கதவுக்குப் பின்னால்
சாக்கட்டியில் எழுதிவைத்தான்:
தொண்ணூற்றொன்பது, கரண்ட் இல்லை.
இரண்டாயிரத்து ஒன்று, அங்கே பனிப்புயல், பாதி நாற்காலி காலி.
மூன்று, மூலைக் கயிறு அறுந்தது.
எல்லா வரிக்கும் கீழே ஒரே முடிவு:
தேவாலன் தோல்வி.

அவன் பேர் டெவ்லின்.
தாடி, தொப்பை, இடது முழங்காலில் கட்டு.
புதுசாக வருகிற பையனைப் பெரிய ஆளாக்க
முதலில் இவன்மேல்தான் ஏற்றுவார்கள்.
தேவாலாவில் தங்கம் தோண்ட வந்து
ஒன்றும் கிடைக்காமல் கப்பலேறிய வெள்ளைக்காரனின் பேரன் என்று
ஜெபராணி கிளப்பிவிட்டாள்.
அதற்கப்புறம் அவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன்.

'எல்லாம் பொய்ச்சண்டை.
யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதிடுவாங்க'
என்றார் சூப்பர்வைசர் பெள்ளிராஜ், கொழுந்து நிறுக்கும்போது.
'தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறதும்
முன்னாடியே எழுதினதுதானே சார்.
முதுகு வலிக்கிறது மட்டும் நெசம்'
என்றாள் ஜெபராணி.
அன்றைக்கு மூன்று கிலோ கழித்தார்.

ஒன்பதாம் வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஆறு.
பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் கொம்பன் நின்றது.
நின்றது என்றால்,
பலாமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு
எந்த அவசரமும் இல்லாமல் நின்றது.
வாட்சர் வந்து பட்டாசு போட்டான்.
காதை ஒருமுறை ஆட்டியது, அவ்வளவுதான்.
திரும்பி வந்து உட்கார்ந்தோம்.
ஒதுங்க இடமில்லாமல் பெள்ளிராஜும் வந்தார்.
வாசலிலேயே நின்றார், குடையை மடக்காமல்.

இரண்டாம் சண்டை. மூன்றாவது.
பெண்கள்கூட மோதுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.
கடைசியில் விளக்கெல்லாம் அணைத்து, புகை விட்டு,
மகுடக்காரன் இறங்கினான்.
அந்த ஊரே எழுந்து அவன் பேரைக் கத்தியது.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
அவனை யாருக்கும் தெரியாது.

மேசை உடைந்தது. மனிதன் விழுந்தான்.
பொன் காகிதம் கொட்டியது.
கேமரா திரும்புகிற ஓரத்தில், ஒரு நொடிதான்,
தொப்பை, முழங்கால் கட்டு,
மேலே ஒரு பழைய சட்டை.
குனிந்து பலகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

'தேவாலன்!'
என்று முதலில் கத்தியது பெள்ளிராஜ்.

யானை பத்தரைக்கு இறங்கிப் போனது.
வருகைப் புத்தகத்தில் எங்கள் பத்தொன்பது பேருக்கும் அரைப்பேர்.
அவருக்கும் அரைப்பேர்தான், அவரே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கதவைச் சாத்திப் பார்த்தேன்.
மகுடம் யாருக்கு என்று பையன் எழுதவே இல்லை.
தேவாலன் என்று போட்டு, பக்கத்தில் அரைப்பேர் என்று எழுதி,
அதை எச்சிலால் அழித்து
முழுப்பேர் ஆக்கியிருந்தான்.

அன்றைக்கு என் கொழுந்து பதினொரு கிலோ.
வெயில் நன்றாக அடித்திருந்தது.
ஆனாலும் தண்ணீருக்கு ரெண்டு கழித்தார்கள்.