வசதிகள்: பொருந்துவதை டிக் செய்யவும்

மாவட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
லோயர் பிரஸ்கமில் என்னென்ன உண்டு?
ஐந்து டிக் விழுந்தால்
டக்கெட்டின் பார்லி வயலில் நாற்பது வீடுகள் எழும்.
நான்கென்றால் பார்லிதான்.
இதை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை.
எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

பேருந்து: செவ்வாயன்று போகும்,
வெள்ளியன்று திரும்பும் என்பான் பாசில்.
கேலி இல்லை,
ஒருமுறை போய்ப் பார்த்தவன்.

கடை: பண்ணை வாசலில் பழைய ஃபிரிட்ஜ்.
முட்டை, பால், பருவத்தில் ருபார்ப்,
காசு போட ஒரு பிஸ்கட் டப்பா.
கடைக்காரர் இல்லாத கடை கடையாகுமா?
போன வாரம் டப்பாவில் இரண்டு பவுண்டு கூடுதலாம்.
விசாரிக்கச் சொல்லி எனக்கொரு கடிதம்.

தபால் நிலையம்: வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு.
தேவாலயத்தில், ஞானஸ்நானத் தொட்டியை ஒட்டி
ஒரு மடக்கு மேசை, ஒரு தராசு.
பார்சலோடு வருகிறவர்கள்
தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மதுவிடுதி: உண்டு.
சமையல்காரர் போனபின் சிப்ஸ் பொட்டலம் மட்டும்.
ஆனாலும் உண்டு.

தொலைபேசிக் கூண்டு: சிவப்பாக இருக்கிறது.
தொலைபேசி இல்லை.
நின்ற இதயத்தை உதைத்தெழுப்பும் கருவி
மஞ்சள் பெட்டிக்குள், எண் பூட்டோடு.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஜனவரிப் புயலில் கம்பியெல்லாம் அறுந்து கிடந்த இரவு,
விடுதி வாசலில் ஒருவர் சரிந்தார்.
செல்போனுக்குச் சிக்னல் எட்டுவது
கல்லறை மேட்டின் உச்சியில் மட்டுந்தான்.
மெரியல் ப்ரௌஸ் ஏறினாள்,
இரவு உடை, ரப்பர் பூட்ஸ்.
அவசர உதவிக்காரர் சொன்ன பூட்டு எண்ணை
காற்றுக்கு மேலே கத்தினாள்.
வாயிற்கதவில் நின்ற பாசில் வாங்கி
வளைவில் நின்ற பாதிரியாரிடம் கத்த,
அவர் கூண்டருகே நின்ற பையனிடம்:
நான்கு. ஒன்று. ஒன்று. ஏழு.
நடுவில் ஒரு 'ஒன்று' தொலைந்துபோய்
மறுபடி மேட்டுக்குப் போய் வந்தது.

பிழைத்துக்கொண்டவர் டக்கெட்.
வசந்தம் வந்ததும் வயலை விற்கக் கிளம்பிவிட்டார்.
'வீடுகள் வேண்டாம்' என்ற பலகை
பாசில் வேலியில் ஒன்று,
மெரியல் வேலியில் இரண்டு.
டக்கெட்டைக் கண்டால் கையசைக்கத்தான் செய்கிறார்கள்.

இதுவரை நான்கு டிக்.
கடை பென்சிலில்.
கடைசிக் கட்டம்: 'பிற, குறிப்பிடவும்'.
பேனா முனையை வைத்தேன்.
என்ன எழுத என்று யோசிப்பதற்குள்
மை ஊறி ஒரு புள்ளி விழுந்துவிட்டது.
புள்ளி டிக் ஆகாது. ஆகுமோ?

இன்று சனி.
தபால் வியாழன்தான் போகும்.